பத்து வரை எண்ணு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். விஜயநகரில் எங்கள் மழலையர் பள்ளி முழுக்க அது தெரியும். அப்படிப்பட்ட என்னிடம்தான் இந்த வருஷம் புதுப் பாடத்தை ஒப்படைத்தார்கள். எண்களோடு சேர்த்துப் பிள்ளைகளின் மனசையும் பழக்க வேண்டுமாம். பயமோ கோபமோ வந்தால் கண்ணை மூடி, விரலை ஒவ்வொன்றாக மடக்கிப் பத்து வரை எண்ண வேண்டும். முடிப்பதற்குள் மனசு அடங்கிவிடுமாம். "ரெபேக்கா மிஸ், மொதல்ல நீங்க எண்ணிப் பழகுங்க" என்று பிரின்சிபால் கிண்டல் வேறு.

சும்மா சொல்லக் கூடாது, பாடம் வேலை செய்தது. பென்சிலுக்காகக் கடித்துக்கொள்ளும் பிள்ளைகள்கூட விரலை மடக்க ஆரம்பித்தார்கள். ஆனால் என் கவலையெல்லாம் ஷாரனைப் பற்றித்தான். நாலு வயசு. எங்காவது நாற்காலி சரிந்து விழுந்தால் போதும், மேஜைக்கு அடியில் போய் ஒண்டிக்கொள்வாள். சின்னப் பிள்ளைக்கு இவ்வளவு பயமா? எப்படியாவது அதைப் போக்கிவிட வேண்டும் என்று எனக்கு மனசு அடித்துக்கொண்டது.

எண்ணும் பாடம் அவளுக்குப் பிடித்துப்போனது. ஒரு நாள் என் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

"மிஸ், பத்து ஆனமேல என்ன வரும்?"

"பதினொண்ணு, கண்ணு."

"அது ஆனமேல?"

விட்டால்தானே! இருபது ஆயிற்று, ஐம்பது ஆயிற்று. இந்த வயசுக்கு இருபதே ஜாஸ்தி என்று பிரின்சிபால் தடுத்தார். "கேக்கற பிள்ளைக்கு இல்லேன்னு சொல்லச் சொல்றீங்களா?" என்று அவரோடு மல்லுக்கு நின்றேன். தசரா லீவுக்குள் நூறைத் தொட்டுவிட்டாள். மேஜைக்கு அடியில் போவதும் குறைந்தது. பெற்ற பிள்ளையைப்போல் எனக்குப் பெருமை.

பெற்றோர் கூட்டத்துக்கு ஷாரனின் அம்மா ஜேனும் அப்பா பர்னபாஸும் வந்தார்கள். ஜேன் நர்ஸ். பர்னபாஸ் எங்கள் சர்ச்சில் எல்லாருக்கும் ஓடி ஓடி நாற்காலி போடுகிற மனுஷன்.

"பிரதர், உங்க மக நூறு வரைக்கும் சொல்றா. எவ்வளவு ஜாணே, கொத்தா? அவ்வளவு கெட்டிக்காரி!" என்று பாதிக் கன்னடத்தில் மெச்சினேன்.

அவர் முகம் மலர்ந்தது. "எங்கிட்டச் சொல்லவே இல்லியே! எங்கே, டாடிக்குச் சொல்லு."

ஷாரன் வாயே திறக்கவில்லை. மற்ற பெற்றோர் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்கு அவமானமாகிவிட்டது போலும்.

"சொல்லுன்னா சொல்லணும்!" என்று மேஜையில் ஓங்கித் தட்டினார்.

அடுத்த நொடி ஷாரன் மேஜைக்கு அடியில் இருந்தாள். கண்ணை இறுக மூடி எண்ண ஆரம்பித்தாள். விரல் மடக்கவில்லை, இரண்டு கையாலும் காதைப் பொத்தியிருந்தாள். நூறு வரை ஒன்றுகூடத் தப்பவில்லை. பர்னபாஸ் சிரித்துக்கொண்டே கைதட்டினார். அவள் ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.

"நின்னுடுச்சா, மம்மி?"

ஜேன் என் பக்கம் சாய்ந்து, அவர் காதில் விழாமல் பேசினாள்.

"அவர் கை நிக்கறதுக்குள்ள நூறு முடிஞ்சிடுது மிஸ். பாவம், திரும்ப ஒண்ணுல இருந்து ஆரம்பிக்கறா. அதுக்கு மேல இருக்கறதையும் சொல்லிக் குடுத்துடுங்க, ப்ளீஸ்."

அட ஆண்டவரே! பயத்தைப் போக்குகிறேன் என்று நான் செய்த வேலை இதுதானா? அம்மா அடிவாங்குவதைக் கேட்டுக்கொண்டு கிடப்பதற்கல்லவா அந்தப் பிள்ளையைப் பழக்கியிருக்கிறேன்!

குனிந்து ஷாரனை அள்ளித் தோளில் போட்டேன். மறு கையால் ஜேனைப் பிடித்து பிரின்சிபால் அறைப் பக்கம் நடந்தேன். பர்னபாஸ் எழுந்து பின்னாலேயே வந்தார்.

"என்ன சிஸ்டர், எங்கே கூட்டிட்டுப் போறீங்க?"

கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. நான் பத்து எண்ணவில்லை.

"அங்கயே நில்லுடா!" என்று பள்ளிக்கூடமே அதிரக் கத்தினேன்.

அவன் நின்றுவிட்டான். என் தோளில் கிடந்த ஷாரன் காதைப் பொத்திக்கொண்டு ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள்.