வடிகட்டிக் கொடுத்த தண்ணீர்

எங்கள் கடல் ஆய்வுக்கூடத்தில் பேராசிரியருக்கு 'மட்டும்' என்று பட்டப்பெயர். 'என் உபயோகத்துக்கு மட்டும்' என்று அவர் சீட்டு ஒட்டாதது சுவர்க்கடிகாரம் ஒன்றுதான். எதிர் அறையில் ஆராய்ச்சி செய்யும் அம்மணி அவருடைய மனைவி.

பேராசிரியர் வளர்த்த கடல் பாக்டீரியா பிளாஸ்டிக்கைத் தின்றது. உலகத்திலேயே இதற்கு மட்டும்தான் அந்த மரபணு உண்டு என்று கட்டுரை எழுதி, அனுப்ப இருந்தார். அந்த நேரம் பார்த்து அம்மணி தன் குடுவையைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். அதில் இருந்தது வேறு இனம். ஒட்டி வளரட்டும் என்று போட்டிருந்த பிளாஸ்டிக் துண்டைக் கடிக்கக்கூடத் தெரியாத சாது. இப்போது துண்டெல்லாம் ஓட்டை.

"என் மரபணுவைத் திருடிட்ட!"

"உங்க மரபணு வேணும்னா எதிர் ரூமுக்கு வரணுமாங்க? நம்ம பொண்ணு மூக்கைப் பாருங்க. அப்பவே வாங்கியாச்சு."

"விளையாடாத. என் ரூமுக்குள்ள யாரு வந்தா?"

"யாரும் வரல. கடல் தண்ணி தீர்ந்துபோச்சுன்னு கேட்டப்ப, உங்க குடுவைத் தண்ணியத்தானே குடுத்தீங்க?"

"வடிகட்டித்தானே குடுத்தேன்! ஒரு பாக்டீரியா தாண்டாதே!"

"பாக்டீரியா தாண்டாது. வைரஸ் தாண்டும். உங்க பாக்டீரியாகிட்ட இருந்து ஒரு துண்டு மரபணுவைத் தூக்கிட்டு வந்து, என்னோடதுக்குள்ள சொருகிட்டுப் போயிருக்கு. கடல்ல எப்பவும் நடக்கிறதுதான். நீங்களே பாடம் நடத்துறீங்களே."

பாடத்தில் நடந்தால் விஞ்ஞானம். தன் குடுவையில் நடந்தால் கொள்ளை. பேராசிரியர் நாற்காலியில் சரிந்தார். "என் கட்டுரை போச்சு."

"எங்கயும் போகல. பிளாஸ்டிக் தின்னுறது பெரிசுதான். அந்த வித்தை இன்னொரு இனத்துக்குப் போனது அதைவிடப் பெரிசு. ரெண்டு பேர் பேரும் போட்டு மாத்தி எழுதுங்க."

பேராசிரியர் தாடையைத் தடவினார். "குடுத்தது என்னோடது. அதனால என் பேரு முதல்ல."

"தாராளமா. எப்படிப் போச்சுன்னும் எழுதணுமே. 'முதல் ஆசிரியர் தமக்கே தெரியாமல் கொடுத்தார்'னு போட்டுடவா?"

பேராசிரியர் கணினியைத் தன் பக்கம் இழுத்து, மனைவியின் பெயரை முதலில் அடித்தார். கீழே தன் பெயரைச் சற்றே பெரிய எழுத்தில் அடித்தார்.

அம்மணி எட்டிப் பார்த்து, அதைச் சின்னதாக்கினார்.