நாலாவது விதி

“ஏமம்மா கல்பனா, கிளாஸ் மொத்தமும் இதைத்தானே செஞ்சுக்கினு இருக்குது? இந்த ஒரு பொண்ணு பேரை மட்டும் எழுதிக்கினு வந்தா எப்படி?”

வேதாச்சலம் பேனா மூடியைத் திறந்துவிட்டுத்தான் கேட்டார். திருப்பதியில் அந்தப் பல்கலைக்கழகத்தின் கம்ப்யூட்டர் மையத்துக்கு அவர் தலைவர். சர்வரைப் பார்த்துக்கொள்வது கல்பனா. ஐந்து வருடமாக, தற்காலிகமாக.

“சந்தியா என் சித்தி பொண்ணு சார். சொந்தக்காரின்னு உட்டுட்டேன்னு நாளைக்கு யாரும் சொல்லக்கூடாது. அதனாலதான் மொதல்ல அவ.”

“பலே! உன்னாட்டம் நாலு பேர் இருந்தா இந்த யூனிவர்சிட்டி எங்கியோ போயிருக்கும்.” கையெழுத்துப் போட்டார். “நாலாவது விதி. பாஸ்வேர்டை அடுத்தவங்களுக்குக் கொடுத்தா ஒரு மாசம் அக்கவுண்ட் மூடல். ரூல்ஸ் அண்ட்டே ரூல்ஸே, விதின்னா விதிதான்.”

விதிகள் மொத்தம் பதினொன்று. அத்தனையையும் டைப் செய்தவளே கல்பனாதான். பகலில் மையம் கம்ப்யூட்டர் பாடத்துக்கு மட்டும். மெயில் பார்ப்பது மாலை ஆறிலிருந்து எட்டுவரை. அதற்கு முன்னால் டெலிபோன் லைன் கிடைக்காது. பெண்கள் விடுதியின் கேட்டோ ஆறு மணிக்கு மூடிவிடும். இந்த இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து யாரும் யோசிக்கவில்லை. விடுதிப் பெண்களே யோசித்து ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். ஆளுக்கொரு வகுப்புப் பையனிடம் பாஸ்வேர்டைக் கொடுத்துவிடுவது, அவன் மாலையில் மெயிலைப் பிரிண்ட் எடுத்து மறுநாள் காலையில் கொண்டுவந்து கொடுப்பது. சந்தியாவுக்குப் பவன்குமார். மூன்று வருடமாக இது நடப்பது கல்பனாவுக்குத் தெரியும். புதன்கிழமைவரை அது ஒரு குற்றமாக அவளுக்குப் படவில்லை.

புதன் மாலை மெயில்கள் இறங்கின. யார் யாருக்கு எங்கிருந்து என்ற பட்டியல் மட்டும் திரையில் ஓடும். ஐதராபாத்தில் ஒரு கம்பெனி, இரண்டாயிரமாவது வருடம் பிறக்கிறதற்குள் பழைய புரோகிராம்களைத் திருத்த ஆள் எடுத்து அமெரிக்காவுக்கு அனுப்புகிற கம்பெனி. அந்தப் பெயரை ஆறு மாதமாக அவள் பட்டியலில் தேடிக்கொண்டிருந்தாள். அவளும் விண்ணப்பம் போட்டிருந்தாள், வீட்டில்கூடச் சொல்லவில்லை. அன்றைக்கு அந்தப் பெயர் வந்தது. அதற்கு எதிரில் சந்தியாவின் பெயர்.

பிறர் மெயிலை ஊழியர் படித்தால் வேலை நீக்கம். அது ஏழாவது விதி. கல்பனா கடிதத்தைத் திறந்தாள். இரண்டு முறை படித்தாள். சந்தியாவை நியூஜெர்சிக்கு எடுத்திருக்கிறார்கள். சனிக்கிழமை மாலைக்குள் பாஸ்போர்ட் நம்பரோடு பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த ஆளுக்குப் போகும்.

அடுத்த ஆள். அந்தச் சொல்லைத்தான் கல்பனா மூன்றாவது முறையும் படித்தாள்.

தன் ஊர் கார்வேட்டிநகரத்தில் கம்ப்யூட்டரைத் தொட்ட முதல் பெண் அவள். சொந்தத்தில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் ‘எங்க கம்ப்யூட்டர் பொண்ணு’ என்று அவளைக் கூப்பிட்டு முன்னால் உட்கார வைப்பார்கள். போன மாதம் புத்தூரில் ஒரு வளைகாப்பு. முன்னால் சந்தியா உட்கார்ந்திருந்தாள். “கல்பனா, நீ கொஞ்சம் அப்படி நவுந்து குந்தும்மா,” என்றாள் சந்தியாவின் அம்மா.

பவன்குமார் வருவதற்குள் அக்கவுண்டைப் பூட்டினாள். வியாழன் காலையில் வேதாச்சலத்தின் கையெழுத்து.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சந்தியா வந்தாள்.

“இன்னாக்கா இது? பவன் சொல்றான், என் அக்கவுண்ட் தொறக்கலியாமே.”

“நாலாவது விதி. நோட்டீஸ் போர்டுல ஒட்டிக்கீது, போய்ப் பாரு.”

“பாத்துட்டுத்தான் வரேன். விடுதியில நாப்பது பேரு இத்தயே பண்றாங்க. என் பேரு மட்டும் எப்படிக்கா கெடைச்சுது?”

“மாட்டினவதான் மாட்டுவா.”

“அதுவும் சரிதான். ஒரு மாசம் மூடிக்கோ, வேணான்னு சொல்லல. ஐதராபாத்லேருந்து லெட்டர் வந்துதா இல்லியான்னு மட்டும் ஒரு தரம் பாத்துச் சொல்லு. நைனா தெனம் போன் பண்ணிக் கேக்கறாரு. நேத்து சோறே துன்னலியாம். எனக்கும் ஒண்ணும் எறங்கல.”

“நான் எப்படிடீ அடுத்தவங்க மெயில்ல கைய வெப்பேன்? என் வேல போயிடும்.”

“நானே சொல்றேன்க்கா, பாருன்னு.”

“நீ சொன்னா? விதி எழுதினவங்க சொல்லணும்.”

“அஞ்சு நிமிஷம்க்கா. உன் சொந்தத் தங்கச்சியா இருந்தா இப்படிப் பண்ணுவியா?”

“ஏன் இப்படிப் பறக்கறே? நாளைக்கு சாயங்காலம் வரைக்கும் டைம் இருக்குது இல்ல?”

பக்கத்து அறையில் பிரிண்டர் கிறீச்சிட்டு நின்றது.

“நாளைக்கு சாயங்காலமா?” என்றாள் சந்தியா மெதுவாக. “இன்னாத்துக்கு டைம்?”

“இல்ல... பொதுவா சொன்னேன்.”

“லெட்டர் வந்துட்டுது.”

“சந்தியா...”

“வந்துட்டுது. நீ படிச்சுட்டே. படிச்சுட்டுத்தான் மூடினே.” அவள் குரல் உயரவேயில்லை. அதுதான் கல்பனாவுக்குப் பயமாக இருந்தது. “இன்னா எழுதிக்கீறாங்க?”

“எடுத்துக்கீறாங்க.”

“எனக்கு வேல கெடைச்சத என்னாண்ட சொல்லாம வெச்சுக்கினு, ஒக்காந்து விதி சொல்றே.”

“நானும்தான்டீ எழுதிப் போட்டேன்!” கல்பனாவுக்கு வாய் கோணியது. “ஆறு மாசமாச்சு. ஒரு வரி, இல்லேன்னுகூட ஒரு வரி வரல. ஊர்ல வர்ற அத்தனை மெயிலையும் நான்தான் எறக்கறேன். எனக்கு ஒண்ணு வரக்கூடாதா?”

“நீ போட்டது எனக்குத் தெரியாதுக்கா.”

“தெரிஞ்சா? தெரிஞ்சா நீ போடாம இருந்திருப்பியா?”

சந்தியா யோசித்தாள். பொய் சொல்லியிருக்கலாம்.

“போட்டுத்தான் இருப்பேன்,” என்றாள். “ஆனா உன் லெட்டரை ஒளிச்சு வெச்சிருக்க மாட்டேன். இப்ப தொறக்கறியா, நான் வேதாச்சலம் சார் ரூமுக்குப் போவட்டுமா?”

கல்பனா திறந்தாள். நாலு சொல் அடித்தால் முடிகிற வேலை.

சந்தியா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கடிதத்தைப் படித்தாள். சிரிக்கவில்லை. பாஸ்போர்ட் நம்பரைப் பார்க்காமலே அடித்தாள், மனப்பாடம். பதிலை அனுப்பிவிட்டு, “ஆறு மணிக்கு லைன் கெடைச்சாத்தானே இது வெளிய போவும்?” என்றாள்.

“ஆமா.”

“அதுவரைக்கும் நான் இங்கியே குந்தினு இருக்கறேன்.”

“கேட்டை மூடிடுவாங்கடீ. வார்டன் உள்ள உட மாட்டா.”

“உடலேன்னா உன் ரூமுக்கு வரேன். சோறு போட மாட்டியா?”

சந்தியா மறுபடி கீபோர்டுப் பக்கம் திரும்பினாள். விரல்களை அதன்மேல் வைத்தாள், அடிக்காமல் நிறுத்தினாள்.

“அக்கா.”

“இன்னா?”

“பாஸ்வேர்டு மாத்தணும். கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கோ.”

எந்தப் பாஸ்வேர்டும் இல்லாமலே அந்த அறையில் எல்லாருடைய மெயிலையும் திறக்கக்கூடியவள் கல்பனா. இருவருக்கும் அது தெரியும். ஆனாலும் திரும்பி நின்றாள். ஜன்னலுக்கு வெளியே திருமலைக்கு ஏறுகிற பஸ் ஒன்று வளைவில் மறைந்துகொண்டிருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. முதுகுக்குப் பின்னால் விழுகிற ஒவ்வொரு எழுத்தின் சத்தத்தையும் அவள் காது எண்ணியது. ஐந்து, ஆறு. ஒரு பாஸ்வேர்டுக்கு இது போதும் என்று நினைத்தாள். ஏழு. எட்டு.