நன்றாக ஓடிய மெஷினை நிறுத்தியவர்

பழைய மெஷின்களை வாங்கி, பெயின்ட் அடித்து, புதுசு மாதிரி நிற்கவைத்து விற்பவர் அந்த வியாபாரி. அன்று காலை அவர் தங்கை போன் செய்தாள்.

"அண்ணா, எங்க வீட்டுக்காரருக்கு வெளியூர் ஃபேக்டரியில வேலை வந்திருக்கு. இன்னைக்குள்ள பதில் சொல்லணுமாம். வெளியாள் முன்னாடி ஒரே ஒரு தடவை, 'இது எங்க மாப்பிள்ளை வேலை'ன்னு நீ சொல்லிட்டா போதும். அவர் இங்க உன்கூடவே வேலையில இருந்துடுவார்."

"அவ்வளவுதானே? சொல்லிட்டாப் போச்சு. என் வாய்க்கு என்ன வாடகையா?"

சொல்வதாகத்தான் கிளம்பினார். துருப்பிடித்த கத்தியைக்கூட 'அனுபவசாலி' என்று விற்ற வாய் அது. வீட்டு மாப்பிள்ளையைப் புகழ்வதென்றால் மட்டும் ஒட்டிக்கொள்ளும். 'நாலு எழுத்து தட்டறதுக்கா இத்தனை நேரம்?' என்பதுதான் அவருக்குத் தெரிந்த பாராட்டு.

பிளாஸ்டிக் பை பட்டறை நடத்தும் அம்மாள், ஓட்டிப் பார்த்து வாங்கத் தன் பட்டறையில் இறக்கியிருந்த பை வெட்டும் மெஷினின் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். உருளையிலிருந்து ஷீட்டை இழுத்து, அளவு பிசகாமல் நிறுத்தினால்தான் கத்தி சரியாக இறங்கும். இழுக்கிற மோட்டாரை ஆட்டுவிப்பது சர்வோ டிரைவ் என்ற பெட்டி. அதில் திருக ஒன்றும் கிடையாது. லேப்டாப்பிலிருந்து ஒயர் போட்டு, கட்டளையை எழுத்தாகத் தட்டி அனுப்ப வேண்டும். புரிந்தால் 'ஓகே' என்று பதில் வரும். புரியாவிட்டால் வெறும் கேள்விக்குறி.

"உங்க தங்கச்சிக்கு இது தேவலை மச்சான்," என்றார் தரையில் சம்மணமிட்டிருந்த மாப்பிள்ளை. "ஒரு கேள்விக்குறியோட நிறுத்திக்குது."

மோட்டார் முதலில் முனகியது. நின்ற இடத்தில் நடுங்கியது. ஒரு பை நெட்டை, அடுத்தது குட்டை. மாப்பிள்ளை ஒரு கையை மோட்டார் மேல் வைத்து அதன் நடுக்கத்தைக் கேட்டபடி, மறு கையால் தட்டினார். ஒரு எண்ணைக் கூட்டுவார், மோட்டார் சிலிர்த்தால் குறைப்பார். மதியத்துக்குள் முனகல் அடங்கி, பைகள் சீட்டுக்கட்டு போல ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன.

"அட, பூனை நடக்கற மாதிரி ஓடுதே!" அம்மாளின் முகம் மலர்ந்தது.

கடைத்தெருவில் வளர்ந்த வியாபாரிக்கு அதுவே சைகை. வாடிக்கையாளர் முகம் மலர்ந்தால் சரக்கை மூடிவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் விரித்து வைத்தால் குறை கண்ணில் படும். அவர் கை தானாகப் போய் மெயின் சுவிட்சை இறக்கியது.

"மச்சான்! இன்னும் சேவ் பண்ணலையே!"

தட்டியதெல்லாம் கரண்ட் இருக்கிறவரைதான் பெட்டிக்குள் நிற்கும். கடைசியில் 'சேவ்' என்றொரு கட்டளை போனால்தான் தங்கும். சுவிட்சை மறுபடி ஏற்றியதும் மோட்டார் பழைய முனகலைத் தொடங்கியது. நெட்டையும் குட்டையுமாகப் பைகள் விழுந்தன.

"என்ன இது, இப்பதானே நல்லா ஓடுச்சு?" அம்மாளின் புருவம் சுருங்கியது.

பேரம் நழுவும் வாடை அடித்தாலே முந்திக்கொள்ளும் வாய், முந்திக்கொண்டது. "மாப்பிள்ளை ஏதோ மறந்துட்டாரும்மா. கொஞ்சம் கவனம் பத்தாது."

சொல்லி முடிப்பதற்குள் அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். மாப்பிள்ளை நிமிர்ந்து பார்க்கவில்லை. திரையில் மேலே போய், தட்டிய வரிகளைத் தேடியெடுத்து ஒவ்வொன்றாக மறுபடி அனுப்பினார். ஓகே. ஓகே. ஓகே. கடைசியில் சேவ். தானே சுவிட்சை இறக்கி, ஏற்றிக் காட்டினார். மெஷின் பூனையாக நடந்தது.

"அம்மா," என்றார் வியாபாரி. "சுவிட்சை நிறுத்தினது நான்தான். தப்பு என்னோடது. இந்த மாதிரி வேலை எங்க மாப்பிள்ளையைத் தவிர எவனுக்கும் வராது."

அம்மாள் சிரித்துவிட்டாள். "பெரிய மனசு உங்களுக்கு. வீட்டு மனுஷனை விட்டுக்கொடுக்க மாட்டேங்கறீங்க! போங்க, மெஷினை நான் எடுத்துக்கறேன்."

"இல்லம்மா, நிஜமாவே..."

"வியாபாரி நிஜம்னு வேற சொல்லணுமா?"

மாப்பிள்ளை ஒயரைச் சுற்றிப் பைக்குள் வைத்துவிட்டு, போனோடு வாசலுக்குப் போனார். "வர்றேன் சார். திங்கட்கிழமையே சேர்ந்துடறேன்," என்றது உள்ளேவரை கேட்டது.

வியாபாரி பின்னாலேயே போய் நின்றார். மாப்பிள்ளை மரியாதையாகத்தான் கேட்டார்: "வண்டியில உங்களை வீட்டுல விட்டுடவா மச்சான்?"

"விடுங்க," என்றார். மாப்பிள்ளையின் லேப்டாப் பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, வண்டியில் பின்னால் ஏறி உட்கார்ந்தார்.