ஆறாவது எண்

பிரித்திகாவைத் தலைமுழுகிவிட்டேன் என்று ஆந்திர எல்லையில் இருக்கும் எங்கள் நகரி முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். என் ஒரே மகள். திருப்பதிக்கு வேலைக்குப் போன இடத்தில் சுரேஷ்பாபு என்கிற தெலுங்குப் பையனை என்னைக் கேட்காமலே கல்யாணம் செய்துகொண்டாள். எனக்குக் கோபம் மூக்கின் மேல் இருக்கும். வாசல்படி மிதிக்காதே என்றேன். அவளும் என் மகள்தானே, மிதிக்கவில்லை. மூன்று வருடம் ஓடிவிட்டது.

ஆனால் அவள் பள்ளிக்கூடம் படிக்கும்போது ஆதார் எடுக்கக் கூட்டிப் போனவன் நான்தான். வீட்டில் அப்போது ஒரே ஒரு போன், என்னுடையது. அந்த நம்பரைத்தான் கொடுத்தேன். அதனால் அவளுக்கு சர்க்கார் காரியம் எது ஆக வேண்டுமென்றாலும் ஆறு எண்ணுள்ள ஓடிபி என் போனுக்கு வரும். முன்பு எம்.ஆர்.ஓ. என்கிற தாசில்தார் ஆபீஸில் நாள் கணக்காக நின்று முடித்த வேலை இப்போது பத்து நிமிடத்தில் முடிகிறது. அந்தப் பத்து நிமிடத்துக்கு மட்டும் நான் அவளுக்கு வேண்டியிருந்தேன்.

மெசேஜ் வந்த கையோடு போன் அடிக்கும். நான் எடுக்க மாட்டேன். என் மனைவி இந்திராணி ஓடி வந்து எடுத்து எண்களைப் படிப்பாள். பிறகு, நான் ஓட்டும் தறிகளின் சத்தத்தையும் மீறி என் காதில் விழட்டும் என்றே கத்துவாள்.

"என்னாது, ஆஸ்பத்திரி கார்டுக்கா? எத்தினி மாசம்மா ஆவுது?"

அப்படித்தான் மகள் முழுகாமல் இருப்பது எனக்குத் தெரிந்தது. இன்னொரு நாள், "பொட்டப் புள்ளயா? பர்த் சர்டிபிகேட்டுக்கா?" என்று கத்தினாள். தாத்தா ஆனதைத் தெரிந்துகொண்டதும் அப்படித்தான். காதில் விழாத மாதிரி அறுந்த இழையை முடிந்துகொண்டிருப்பேன். உள்ளுக்குள், அடுத்த ஓடிபி எப்போது வருமோ என்று அடித்துக்கொள்ளும்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை இந்திராணி வளைகாப்புக்கு வடமாலபேட்டை போயிருந்தாள். பதினோரு மணிக்கு மெசேஜ் வந்தது. போன் அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்தது. தறியை நிறுத்திவிட்டு எடுத்தேன்.

"அம்மா, ஓடிபி வந்துச்சா?"

"அம்மா இல்ல."



"நைனா... வார்டு சச்சிவாலயம் ஆபீஸ்ல நிக்கறேன். உன் ரைஸ் கார்டுலேர்ந்து என் பேரை எடுத்து அவரு கார்டுல ஏத்தறாங்க. அப்பதான் பாப்பா பேரையும் சேக்க முடியுமாம். நம்பரைச் சொல்லு. இதான் கடைசி. ஆதார்ல என் நம்பரையே போடச் சொல்லி எழுதிக் குடுத்துட்டேன். இனிமே உனக்குத் தொந்தரவு இல்ல."

தலைமுழுகியவன் நான்தான். ஆனால் என் ரேஷன் கார்டில் மூன்றாவது பேர் அவளுடையது. மாதாமாதம் அவள் பங்கு அரிசியையும் சேர்த்துத்தான் வாங்கி வந்தோம்.

கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தேன். "நாலு. ஒண்ணு. எட்டு. எட்டு. ரெண்டு." ஆறாவது எண் ஏழு.

"ஒம்பது," என்றேன்.

"தப்புன்னு வருது நைனா. நல்லாப் பாத்துச் சொல்லு. வேற நம்பர் அனுப்பச் சொல்றேன்."

இரண்டாவது மெசேஜ் வந்தது. ஐந்து எண்களைச் சரியாகச் சொல்லி, ஆறாவதை மறுபடியும் மாற்றினேன். வெட்கக்கேடுதான். இன்றைக்கு வேலை நடக்காவிட்டால் நாளைக்கும் கூப்பிடுவாள் என்பது ஒன்றுதான் என் புத்தியில் இருந்தது.

கவுண்டரில் இருந்த பெண் பேசுவது கேட்டது. "இங்கோ சாரி தப்பைதே லாக் அவுதுந்தி அம்மா. ரேப்பு ராவாலி." இன்னொரு முறை தவறினால் நாளைக்குத்தான். அந்தப் பெண்ணே, "பாப்ப பேரேமி?" என்று கேட்டாள்.

"அக்ஷயா," என்றாள் என் மகள்.

பேத்தியின் பெயர் எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அந்தக் குழந்தை வீலென்று அழுதது.

"காலைலேர்ந்து இதை இடுப்புல வச்சிக்கினு நிக்கறேன் நைனா," என்றாள் பிரித்திகா. அவள் குரலும் உடைந்துவிட்டது.

மூன்றாவது மெசேஜ் வந்தது. ஆறு எண்களையும் உள்ளபடி சொன்னேன்.

"ஆயிடுச்சி. வச்சிடறேன்."

இந்த மாதம் அரிசி ஐந்து கிலோ குறைந்து வந்தது. இந்திராணி பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்து அழுதாள். அவளை அதட்ட எனக்கு வாய் வரவில்லை. போனில் கடன் வேண்டுமா என்று எவன் எவனோ மெசேஜ் அனுப்புகிறான். ஓடிபி மட்டும் வரவில்லை.

நேற்று மத்தியானம் கரண்ட் போய் தறிகள் நின்றன. போனை எடுத்தேன். நான் அழித்துவிடுவேன் என்று பயந்து மகள் நம்பரை இந்திராணி 'கேஸ் ஆபீஸ்' என்று போட்டு வைத்திருக்கிறாள். மூன்று வருடமாக எனக்கு அது தெரியும். அழுத்தினேன்.

"நைனா? என்னா ஆச்சு? அம்மாவுக்கு ஒண்ணும் இல்லியே?"

"இல்ல. நல்லாத்தான் இருக்கா."

"ஓடிபி எதுனா வந்துச்சா? எனக்குத்தான் நம்பர் மாத்திக் குடுத்துட்டாங்களே. இனிமே உனக்கு வராது நைனா."

"தெரியும்," என்றேன்.

சொல்ல என்னிடம் எண் எதுவும் இல்லை. அவளும் போனை வைக்காமல் காத்திருந்தாள்.

"துன்னியா?" என்று கேட்டேன். "அக்ஷயா துன்னுச்சா?"