கீழ ஆளு கீது

இருதயம்மாள் அந்தக் கையை மூன்றாவது தடவையாக அழுத்தினாள். அசையவில்லை. கட்டில் சட்டத்தில் ஒரு காலை முட்டுக்கொடுத்து, இரண்டு கைகளாலும் பிடித்து இழுத்தும் பார்த்தாள். செத்துப்போன கஸ்பாரின் வலது கை முழங்கையில் மடங்கி, உள்ளங்கை வெளியே தெரிய, விரல்கள் ஒட்டினபடி முகத்துக்கு மேலே நின்றது.

“வெந்நி ஊத்துனா தளருமே,” என்று வாசலிலிருந்து ஒருத்தி சொன்னாள்.

“ரெண்டு சட்டி ஊத்தியாச்சி. சாவுற வரிக்கும் யார் பேச்சும் கேக்கல. செத்தும் கேக்க மாட்டேன்றான் என் தம்பி.” இருதயம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வியர்வையா கண்ணீரா என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

தப்பு தன்னுடையது என்று மகள் ஃப்ளோரன்ஸுக்குத் தெரியும். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு உயிர் போனபோது நைனாவின் முழங்கை ஜன்னல் கம்பிக்கும் சுவருக்கும் நடுவே முட்டிக்கொண்டிருந்தது. வாசற்படியில் நின்றிருந்த அத்தை உடனே கோயிலுக்கு ஓடிவிட்டாள். இவள் தனியாகவே கண்ணை மூடினாள், தாடையைக் கட்டினாள், கால் கட்டைவிரல்களைச் சேர்த்து முடிந்தாள். அந்தக் கையை மட்டும் தொட முடியவில்லை. மூன்று மணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். திருவொற்றியூரில் பாட்டில் கம்பெனியில் வேலை. நாள் பூராவும் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து விரிசல் தேடுகிறவள். பார்த்துக்கொண்டே இருப்பது அவளுக்குப் பழகிப்போயிருந்தது.

ராயபுரத்தில் அந்தச் சந்து முழுக்க வந்து போனது. ஆனால் கட்டிலுக்கு எதிரே விரித்திருந்த பாயில் ஒருவரும் உட்காரவில்லை. உட்கார்ந்தால் உள்ளங்கை நேராக முகத்தைப் பார்த்தது. தலைமாட்டு மெழுகுவர்த்தி ஆடும்போதெல்லாம் சுவரில் கையின் நிழல் ஆடியது, கை ஆடவில்லை. பக்கத்து வீட்டு அம்புரோஸ் ஆறடி ஆள், ரயில்வே யார்டில் ஓடுகிற வேகனுக்கு நடுவே புகுந்து வருகிறவன். அவன்கூட மாலையைத் தூரத்தில் நின்றே வீசிவிட்டு வெளியே போய் பீடி பற்றவைத்தான்.

போகிறவர்கள் எல்லோரும் போகும்முன் ஒரு தரம் கட்டிலுக்கு அடியில் பார்த்தார்கள். ரெண்டு நாளாகக் காய்ச்சல் வேகத்தில் கஸ்பார் ஒன்றையேதான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். “கீழ ஆளு கீது. கீழ ஆளு கீது.” தெருவே கேட்டிருந்தது.

யாரும் இல்லாத ஒரு நேரம் பார்த்து ஃப்ளோரன்ஸ் மண்டியிட்டுக் குனிந்தாள். இரும்புப் பெட்டி. நைனாவின் பூட்ஸ். அவ்வளவுதான். ஆனால் அங்கே அறையைவிடக் குளிர்ந்திருந்தது. துருவும் ஈரச் சாக்கும் கலந்த வாடை அடித்தது. கப்பலின் அடித்தட்டில் அப்படித்தான் நாறும் என்று நைனா சொல்லிக் கேட்டிருக்கிறாள். யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு இவள் போகட்டும் என்று காத்திருப்பதுபோல் இருந்தது. சட்டென்று எழுந்துவிட்டாள்.

கஸ்பார் துறைமுகத்தில் சிக்னல்மேன். கப்பல் மேல்தட்டில் சரக்கறையின் திறந்த வாய் ஓரமாக நிற்பார். கீழே சரக்கு அடுக்குகிறவர்களை, சரக்கைத் தூக்கி இறக்கும் விஞ்ச் டிரைவரால் பார்க்க முடியாது. அவன் பார்ப்பதெல்லாம் சிக்னல்மேனின் கையைத்தான். கை உயர்ந்திருந்தால் சரக்கு அந்தரத்தில் நிற்கும். கை இறங்கினால் சரக்கு இறங்கும்.

பதினேழு வருஷத்துக்கு முன்னால், ஐம்பத்தாறில், ஒரு நாள் மத்தியானம் இரும்புத் தகட்டுக் கட்டு அந்தரத்தில் நின்றது. கீழே மண்ணாங்கட்டி என்கிற ஆள் சிக்கிக்கொண்ட கொக்கியை எடுத்துக்கொண்டிருந்தான். கஸ்பாரின் கை உயர்ந்திருந்தது. அப்போது கோயிலில் பன்னிரண்டு மணி திரிகால மணி அடித்தார்கள். சின்ன வயசிலிருந்து அந்த மணிக்குச் சிலுவை போட்டுப் பழகின கை. யோசிக்கவே இல்லை, நெற்றிக்கு இறங்கிவிட்டது. பிதா என்று சொன்னார். சுதன் என்று சொல்வதற்குள் கீழே முடிந்துவிட்டது.

கயிறு வழுக்கிவிட்டது என்று சொல்லச் சொன்னார்கள். விஞ்ச் ஓட்டிய ரஷீது அவசரப்பட்டுவிட்டான் என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். கஸ்பார் விசாரணையில், “கைய எடுத்தது நான்,” என்றார். மூன்று மாசம் வேலை இல்லை.

கோயிலை அவர் விட்டது அந்தச் சாவுக்காக இல்லை. பாவசங்கீர்த்தனத்துக்குப் போய்விட்டு வந்த அன்றைக்குத்தான் விட்டார். வந்ததும் அம்மாவிடம் சொன்னது ஃப்ளோரன்ஸுக்கு இன்னும் காதில் இருக்கிறது. “அஞ்சு நிமிசத்துல மன்னிச்சிட்டாரு ஆலிஸு. பத்து பர்லோக மந்திரம் சொன்னா போதுமாம். மங்கைய யாரு கேட்டாங்க?”

மங்கை, மண்ணாங்கட்டியின் பெண்சாதி. காசிமேட்டுக் குப்பத்தில் மீன் விற்கிறவள். மறுவாரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை பூசை மணி அடித்ததும் கஸ்பார் கோயில் பக்கம் திரும்பாமல் குப்பத்துக்கு நடந்தார். தெருக்குழாயில் வரிசையில் நின்று மங்கையின் பீப்பாயை நிரப்பினார். முதல் வருஷம் முழுக்க அவள் அவர் கண்ணெதிரே அந்தத் தண்ணீரை மண்ணில் கவிழ்த்தாள். அப்புறம் கவிழ்ப்பதை நிறுத்தினாள். ஒரு வார்த்தை பேசவில்லை. பதினேழு வருஷம். நடுவில் அம்மா செத்துப்போனாள். அடக்கத்தன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கும் தண்ணீர் போயிற்று.

சாயங்காலம் ஐந்து மணிக்குப் பங்குச் சாமியார் வந்தார். வாலிபர், முகத்தில் சிடுசிடுப்பு இல்லை. கையைப் பார்த்ததும் ஒரு விநாடி வாசலிலேயே நின்றுவிட்டார். இருதயம்மாள் அந்தக் கையில் ஜெபமாலையைச் சுற்றி, நெஞ்சின் மேல், சிலுவையில் இயேசு தொங்கும் பாடுபட்ட சுரூபத்தை வைத்திருந்தாள்.

“கடைசில சிலுவ போட்டான் சாமி,” என்றாள். “மணி அடிச்சிது. நான் இங்க, வாசப்படியாண்ட நின்னுகினு கீறேன். கை நெத்திக்குப் போச்சி. என் ரெண்டு கண்ணால பாத்தேன்.”

அவள் பொய் சொல்லவில்லை. பார்க்க ஆசைப்பட்டதைப் பார்த்திருந்தாள். பதினேழு வருஷமாகத் தம்பி நரகத்துக்குப் போய்விடுவானே என்று தூக்கம் கெட்டவள்.

சாமியார் ஃப்ளோரன்ஸிடம் திரும்பினார். “கோயிலை விட்டவருக்குக் கல்லறைத் தோட்டத்துல இடம் கிடையாதும்மா. நீதான் பக்கத்துல இருந்தே. அத்தை சொல்றது சரின்னா, பாவத்துக்கு மனஸ்தாபப்பட்டு செத்தார்னு எழுதிடறேன். உங்கம்மா கல்லறையிலேயே வச்சிடலாம். நீ ஒரு வார்த்தை சொன்னா போதும்மா.”

அம்மாவின் கல்லறைக்குப் பக்கத்து இடம் காலியாகத்தான் இருந்தது. யாரிடமும் எதையும் கேட்காத மனுஷன் அதை ஒன்றைத்தான் கேட்டிருந்தார், போன மாசம் இருமலுக்கு நடுவே. “ஆலிஸ் பக்கத்துல போட்டுடு கண்ணு. அது போதும்.”

ஃப்ளோரன்ஸ் யோசித்தாள். ஆமாம் என்று சொன்னால் யாருக்கு என்ன நஷ்டம்? அத்தை நிம்மதியாகச் சாவாள். நைனா கேட்டது கிடைக்கும். மேலே ஒருத்தர் இருந்து கோபித்துக்கொள்வார் என்கிற பயமும் அவளுக்கு இல்லை. அந்தப் பயம் இந்த வீட்டைவிட்டுப் போய் வெகுகாலம் ஆயிற்று. வாயைத் திறந்தாள்.

மத்தியானம் பார்த்தது கண்ணெதிரே வந்தது. பன்னிரண்டு மணி அடித்ததும் நைனாவின் உடம்பு தூக்கிப் போட்டது. கண் கட்டிலுக்கு அடியில் போயிற்று. கை மேலே போயிற்று. நெற்றிக்கு வரப் பார்த்த கைதான். வழியிலேயே நடுங்கி நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு, ஜன்னல் கம்பியில் முழங்கையை முட்டுக்கொடுத்து, மணி அடித்து ஓயும் வரைக்கும் அதை இறங்கவிடாமல் பிடித்தார். ஓய்ந்தது. அவரும் ஓய்ந்தார்.

பதினேழு வருஷம் தாமதமாக அந்தக் கையை நிறுத்தியிருக்கிறார். அது இறங்கியது என்று எப்படிச் சொல்வது?

“இல்ல சாமி,” என்றாள். “சிலுவ போடல. கைய எறக்கவே இல்ல.”

“அடிப்பாவி,” என்றாள் இருதயம்மாள். கத்தவில்லை, மெதுவாகத்தான் சொன்னாள். “உங்கம்மா பக்கத்துல எடம் கீதுடி.”

“தெரியும் அத்த.”

“அப்ப நான் ஒண்ணும் செய்யறதுக்கு இல்லையேம்மா,” என்றார் சாமியார். போகும்முன் பழக்கத்தில் ஆசீர்வதிக்கக் கையைத் தூக்கினார். ஒரே உயரத்தில் இரண்டு கைகள் ஒன்றையொன்று பார்த்து நின்றன. அவர்தான் முதலில் இறக்கினார். இருதயம்மாள் ஜெபமாலையையும் சுரூபத்தையும் எடுத்துக்கொண்டு அவர் பின்னால் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ரஷீது சவப்பெட்டியைக் கொண்டுவந்தார். விஞ்ச்சிலிருந்து ஓய்வு பெற்றுவிட்ட கிழவர். நான்கு பேர் சேர்ந்து கஸ்பாரைத் தூக்கிப் பெட்டியில் கிடத்தி, பெட்டியைக் கட்டில் மேலேயே வைத்தார்கள். மூடி மூடவில்லை. கை இடித்தது.

“முட்டில ஒரு தட்டு தட்டுனா மடங்கிடும் பாய்,” என்றான் பெட்டிக்காரன்.

“தொட்டுப் பாரு, உன் கைய ஒட்சிடுவேன்,” என்றார் ரஷீது. அப்புறம் ஃப்ளோரன்ஸிடம் குரலைத் தாழ்த்தினார். “எங்க கொண்டும்போறதுன்னு தெரியல கண்ணு. கார்ப்பரேசன் எடத்துக்கு ஆள் அனுப்பிக்கீறேன்.”

அப்போது பூசை மணி அடித்தது. அடித்துக் கொஞ்ச நேரத்துக்கெல்லாம் சந்தில் சலசலப்பு அடங்கி வழிவிட்டது. மங்கை வந்தாள். இடுப்பில் காலிக் குடம் இருந்தது. அதை ஏன் தூக்கிவந்தோம் என்று அவளுக்கே வாசலில்தான் உறைத்திருக்க வேண்டும், கீழே வைத்தாள். இந்த வீட்டுக்குள் அவள் வந்தது அதுதான் முதல் தடவை.

கையைப் பார்த்தாள். பயப்படவில்லை. ஃப்ளோரன்ஸிடம், “எந்நேரமா இப்பிடிக் கீறாரு?” என்று கேட்டாள்.

“நேத்து மதியத்துலேர்ந்துக்கா.”

“இன்னா சொன்னாரு?”

ஃப்ளோரன்ஸ் தயங்கினாள். “கீழ ஆளு கீதுன்னு.”

மங்கை தரையில் குந்தி, தலையைச் சாய்த்துக் கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். அவள் உதடு அசைந்தது. புருஷனிடம் அடுக்களையிலிருந்து பேசுகிறவள் குரல்தான்.

“இன்னாய்யா நீ. ஏறி வா. அந்தாளு எம்மா நேரந்தான் கையத் தூக்கிகினு நிப்பாரு.”

மெழுகுவர்த்திச் சுடர் ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. கட்டிலுக்கு அடியிலிருந்து குளிர்ச்சியாக ஏதோ ஃப்ளோரன்ஸின் கணுக்காலை உரசிக்கொண்டு வாசல் பக்கம் போயிற்று. காற்றுதான் என்று நினைத்துக்கொண்டாள். தெருவில் புழுதிகூட அசையாத வெயில்.

மங்கை எழுந்து பெட்டியருகே வந்தாள். அந்த உள்ளங்கையில் தன் உள்ளங்கையை வைத்தாள்.

“அவரு வந்துட்டாருண்ணா. கீழ யாரும் இல்ல. எறக்கு.”

கை இறங்கியது. அவள் அழுத்தவில்லை. அவள் கையோடு கூடவே, மெதுவாக, சரக்கு இறங்குகிற நிதானத்தில் நெஞ்சுக்கு வந்து படிந்தது. ஒரு நாள் போனால் விறைப்புத் தானாகவே தளர்ந்துவிடும் என்று பெட்டிக்காரன் அப்புறம் எல்லோரிடமும் சொன்னான். சொன்னவன் கூலி வாங்கவும் நிற்காமல் போய்விட்டான்.

ஃப்ளோரன்ஸ் அப்போதுதான் அழுதாள். வாய்விட்டு, வெட்கமில்லாமல் அழுதாள். மங்கை அவளைத் தொடவில்லை. குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு ரஷீதிடம் சொன்னாள்: “கார்ப்பரேசனுக்குல்லாம் போவாத பாய். எங்க இடுகாட்டுல என் வூட்டுக்காரரு பக்கத்துல எடம் கீது. ஊர்ல நான் சொல்லிக்கிறேன்.”

குப்பத்து இடுகாடு கடலை ஒட்டிய மணல்திட்டு. குழியின் பக்கங்கள் சரிந்துகொண்டே இருந்தன. அடியில் உப்புத்தண்ணீர் ஊறியிருந்தது. மந்திரம் சொல்ல ஆளில்லை. பெட்டிக்கு அடியில் இரண்டு கயிறு கொடுத்து ரஷீதும் அம்புரோஸும் இன்னும் இரண்டு பேரும் தூக்கிக் குழிக்கு மேலே கொண்டுவந்தார்கள். அம்மா பக்கத்து இடம் இனி காலியாகவே இருக்கும். தூரத்தில், கவிழ்த்துப் போட்ட கட்டுமரத்துக்குப் பின்னால், இருதயம்மாள் தலையில் முக்காடோடு நிற்பது தெரிந்தது. எப்போது வந்தாளோ.

பன்னிரண்டு மணி அடித்தது. ராயபுரத்திலிருந்து காற்று கொண்டுவந்தது.

இருதயம்மாளின் கை நெற்றிக்குப் போயிற்று. அம்புரோஸின் வலது கையும் கயிற்றில் ஒரு துள்ளுத் துள்ளியது. விடவில்லை, முறுக்கிப் பிடித்துக்கொண்டான். ரஷீது பெட்டியைப் பார்க்கவில்லை, குழியையும் பார்க்கவில்லை. ஃப்ளோரன்ஸைப் பார்த்தார்.

அவள் கை உயர்ந்திருந்தது. எப்போது தூக்கினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. மணி ஓயும் வரைக்கும் அப்படியே வைத்திருந்தாள். பிறகு விளிம்புக்கு வந்து குனிந்து, மூலைக்கு மூலை, நிதானமாகக் கீழே பார்த்தாள்.

தண்ணீர் மட்டும்தான் இருந்தது. கையை இறக்கினாள்.