பொழியூரில் சாளை பூஜ்யம்

1

இந்தக் கதை திருட்டுக் கதை. பாறசாலை பஸ்ஸில் முன் சீட்டுப் பெண் போனில் கத்தினாள்: "மாமா, இன்னைக்கும் உங்க கரையில சாளை பூஜ்யமாக்கும்!" (சாளை என்றால் மத்தி மீன்.) எனக்குக் கேட்டது அவ்வளவுதான். மீதி முழுக்க என் சரக்கு, அஜிஷா என்ற பெயர் உட்பட.

2

முதல் தொடக்கம்: பொழியூர்க் கடலின் மேல் பொன்னொளி பரவிய அந்த

(சே! யார் படிப்பார்கள் இதை? விட்டேன்.)

இரண்டாவது: நெய்யாற்றின்கரையில் ஒரு மீன் சங்க அலுவலகம். கரைகளிலிருந்து போனில் எழுதி அனுப்பும் பிடிப்புக் கணக்கை அங்கே கம்ப்யூட்டர் தானாகவே அறிக்கையாக்கித் தள்ளும். அதை மேய்ப்பது அஜிஷாவின் வேலை. சில நாளாகப் பொழியூருக்கு நேரே 'சாளை: 0'. கரையிலோ சாளை கொட்டிக் கிடக்கிறது. மீன் இல்லாத கரைக்கு ஐஸ் லாரி கிடையாது என்பது சங்கத்துச் சட்டம். இன்று மத்தியானம் மேலாளர் அனில் லாரிகளை ஒதுக்கிவிடுவார். பொழியூர் விட்டுப்போனால் நாளைய பிடிப்பும் வெயிலில் நாறும்.

3

கரையில் கணக்குப் போடுபவர் நார்பர்ட். (இவரைக் கள்ளக்கணக்கு ஆசாமியாக்கப் பார்த்தேன். மனுஷன் மசியவில்லை.) எல்லையோரக் கரை; ஏலத்துக்குத் தமிழ் வியாபாரியும் வருவான், மலையாள வியாபாரியும் வருவான். எல்லோருக்கும் போனைத் திருப்பிக் காட்டுவது நார்பர்ட்டின் வழக்கம். அதனால் சில நாளாக மேலே தமிழில் சாளை என்று எழுதி, எண்டர் தட்டி, கீழே மலையாள எழுத்தில் அதே சாளை. அதன் பக்கத்தில்தான் பெட்டிக் கணக்கு. என்ன மரியாதை பாருங்கள்! கம்ப்யூட்டருக்கு ஏது மரியாதை? அதற்கு ஒரு வரி என்றால் ஒரு மீன். மேல்வரியில் எண் இல்லை, பூஜ்யம் போட்டது. அதில் ஏற்றியிருந்தது தமிழ் மீன்பட்டியல் மட்டும்; கீழ்வரி மீனை அதற்குத் தெரியாது, தூக்கி எறிந்தது.

"ஒரு பாஷையில எழுதச் சொல்லு, காரியம் தீர்ந்துது," என்றார் அனில்.

அஜிஷா நார்பர்ட்டுக்குப் போன் போட்டாள்.

"ரெண்டு கூட்டரும் வாற ஏலமாக்கும் மக்கா. நான் ஆருக்க கண்ணைக் கெட்டணும்?" என்றார் நார்பர்ட்.

அவளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "நீங்க எழுதுறத எழுதுங்க மாமா. மெஷினை நான் பாத்துக்கிடுதேன்."

4

முதலில் எண்டர் அத்தனையையும் அழித்தாள். கம்ப்யூட்டர் தனக்குத் தெரிந்த பெயர்களை மட்டும் ஒட்டித் தள்ளியது:

சாளைஅயிலைநெத்தோலிகணவாய்சூரை

"இது மீன்கறி ஆயிட்டுல்லா!" என்று அனில் சிரித்தார். அஜிஷா சிரிக்கவில்லை. திரையையே முறைத்தாள். முறைத்தவளுக்குச் சட்டென்று பிடிபட்டது: எண் வராத வரி இன்னும் முடியாத வரி! எண் இல்லையென்றால் அடுத்த வரியோடு சேர் என்று நிரலுக்குக் கட்டளை எழுதி, அறிக்கையை மறுபடி ஓடவிட்டாள்.

வந்தது. பொழியூருக்கு நேரே இரண்டு எழுத்திலும் சாளை, தோளோடு தோள் நின்று, பக்கத்தில் முழுக் கணக்கோடு. அனில் லாரியை ஒதுக்கினார்.

"மாமா, லாரி உண்டு!"

கரையே கூவியது போனில் கேட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், எழுதிக்கொண்டிருந்த நானும் மேசையைத் தட்டினேன்.

5

(முடிவு அ: அஜிஷாவுக்குப் பதவி உயர்வு. நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

முடிவு ஆ: நார்பர்ட் ஒரு பெட்டி சாளையோடு நன்றி சொல்லப் புறப்படுகிறார். கண்டக்டர் ஏற்ற மாட்டார்.)

ஆகவே, நாளை காலை. ஐஸ் லாரி வந்து நிற்கிறது. வள்ளம் நிறைந்து கரையேறுகிறது. நார்பர்ட் போனில் இரண்டு வரி தட்டிவிட்டு உங்களைப் பார்க்கிறார். எத்தனை பெட்டி? நீங்களே சொல்லுங்கள். தாராளமாகச் சொல்லுங்கள். எண் வரும்வரை முடியாது இது:

சாளை
ചാള