தூங்கட்டும்

கதவைச் சாத்தி, அதிலே முதுகை முட்டுக்கொடுத்து நின்றுகொண்டாள் ரோசா. நாத்தனார் லூர்துசெல்வியை ஆஸ்பத்திரி அறைக்குள் விடவில்லை.

“என் தம்பிக்குக் காய்ச்சல் கொதிக்குதுடி. சாமியாரக் கூப்டு, சாவறதுக்கு முன்ன அவஸ்தை எண்ணெய் பூசிடலாம். பூசாம போயிட்டா அவன் ஆத்துமா என்னாவும்?”

“மணி அடிச்சிக்கினு வருவாங்க அண்ணி, முழிச்சிக்குவாரு. மனுசன் தூங்கறாரு, தூங்கட்டும்.”

பாவம், தனிஸ்லாஸ் படுத்துத் தூங்கி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. முதுகுத்தண்டின் அடியில், நரம்புக் கத்தைக்கு நடுவே கட்டி. படுத்தால் உயிர் போகிற வலி. நாற்காலியில் உட்கார்ந்தேதான் விடியும். கால்கள் மரத்துச் சில்லிட்டுவிட்டன. பிரெஞ்சு டாக்டர் எலும்பைத் திறந்து கட்டியை எடுத்தார். மறுநாள், “ரோசா, படுத்துக்கினு இருக்கேன் பாரு, வலிக்கல” என்று சிரித்தானே, அந்தச் சிரிப்புக்கு அவள் எதையும் கொடுத்திருப்பாள். அப்புறம்தான் இந்தப் பாழாய்ப்போன காய்ச்சல்.

லூர்துசெல்வி முணுமுணுத்துக்கொண்டே தாழ்வாரத்தில் போய் உட்கார்ந்தாள். ரோசா உள்ளே போய்க் கட்டிலருகே உட்கார்ந்து விசிறினாள். எட்டிப்பார்த்த கன்னியாஸ்திரியையும் உதட்டில் விரல் வைத்து அனுப்பிவிட்டாள். ஒருதரம் அவன் பாதத்தைத் தொட்டாள். சில்லென்றிருந்தது. அது எப்போதும் அப்படித்தானே!

வெயில் இறங்கும் நேரத்தில் ஒரு ஈ அவன் உதட்டில் உட்கார்ந்தது. விரட்டினாள். திரும்பி வந்து வாய்க்குள்ளேயே போயிற்று. அவன் அசையவில்லை.

விசிறியைக் கட்டிலடியில் வைத்தாள். பிறகு எழுந்து கதவைத் திறந்தாள்.

“அண்ணி, மூச்சு ஒரு மாதிரியா இழுக்குது. சாமியாரக் கூட்டியாங்க.”

அருளானந்தம் சாமியார் ஆள் தள்ளும் புஷ்புஷ் வண்டியில் அலறியடித்துக்கொண்டு வந்தார். மணிகூட அடிக்கவில்லை.

“அடடா! எப்பம்மா போச்சு உயிரு? இப்பன்னா பூசலாம். நேரமாயிருந்தா ஜெபம்தான்.”

நாத்தனார் அவள் வாயையே பார்த்தாள். உண்மையைச் சொன்னால் அவன் பூசாமல் போவான். பொய் சொன்னால் சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் இதே சாமியாரிடம்தான் அதைச் சொல்லியாக வேண்டும். ஐயோ மாதாவே, எங்கே போவாள் அவள்?

“இப்பத்தான் சாமி. நீங்க படியேறச்சே மூச்சு இருந்திச்சி.”

சாமியார் எண்ணெய்ச் சிமிழைத் திறந்தார். கண், காது, மூக்கு, உதடு என்று பூசிக்கொண்டே வந்தார். கைக்கு வந்தபோது விரல்கள் மடங்கியிருந்தன. பிரிக்கப் பார்த்தார், விறைத்த விரல்கள் பிரியவில்லை. நிமிர்ந்து ரோசாவைப் பார்த்தார். எண்ணெய் தொட்ட விரலை நீட்டியபடியே நின்றார்.

ரோசா குனிந்தாள். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். மறுபடி மூடிக்கொள்ளாதபடி, தன் இரண்டு கையாலும் அந்த உள்ளங்கையை விரித்துப் பிடித்துக்கொண்டாள்.